மூடியைத் திறக்கும் முன்: மடிக்கணினிக்கு மெமரி கூட்டியதில் நாங்கள் கற்றது

(நமது அறக்கட்டளைக் கட்டடத்தில் ஞாயிறன்று அஸர் தொழுகைக்குப் பின் நடந்த பெற்றோர் - மாணவர் கூட்டத்தில் கல்விக் குழு சார்பில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே தருகிறோம்.)



இன்று நாங்கள் பேச வந்திருப்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஏழு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த நீளமுள்ள ஒரு பச்சைத் துண்டைப் பற்றித்தான். கடையில் இதை 'ரேம்' என்பார்கள், 'மெமரி' என்றும் சொல்வார்கள். இந்தத் துண்டை முதன்முறையாக ஒரு மடிக்கணினிக்குள் நாங்களே பொருத்தினோம். அதில் இரண்டு தவறு செய்தோம். ஒரு பிள்ளையை ஓர் இரவு முழுக்க அழ வைக்கப் பார்த்தோம். அல்ஹம்துலில்லாஹ், முடிவு நல்லபடி ஆனது. அதை மறைக்காமல் உங்கள் முன் சொல்வது எங்கள் கடமை. ஏனென்றால் இதே நிலையில் நம் மேலப்பாளையத்தில் பல வீடுகள் இருக்கின்றன.

ஒரு விண்ணப்பம்

சில மாதங்களுக்கு முன் ஓர் உம்மாவும் மகளும் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர்களுடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். உம்மா பீடி சுற்றுகிறார். வாப்பா வஃபாத்தாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. மகள் பட்டப்படிப்பில் கடைசி வருடம். துபாயில் வேலை பார்த்த மாமா ஊருக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போன ஒரு பழைய மடிக்கணினி வீட்டில் இருந்தது. அது நின்று நின்று வேலை செய்கிறது; ஒரு பக்கத்தைத் திறந்தால் மறுபக்கம் உறைந்துவிடுகிறது; ப்ராஜெக்ட் சமர்ப்பிக்க இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது என்றார்கள். புதிய மடிக்கணினிக்கு உதவி கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொண்டு வந்திருந்தார்கள்.

நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. புதியது வாங்க 30,000 ரூபாய்க்கு மேல் வேண்டும். அந்தப் பணத்தில் எத்தனை பிள்ளைகளுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டலாம் என்ற கணக்கு எங்கள் மனத்தில் ஓடியது. எங்கள் முகத்தைப் பார்த்தே அந்த உம்மா புரிந்துகொண்டார். "இல்லேன்னா பரவாயில்ல அண்ணே, காதுல கெடக்குறத வச்சாவது வாங்கிருதேன். எம் புள்ள படிப்பு நிக்கக் கூடாது" என்றார்.

அந்தச் சொல் எங்களைச் சுட்டது. அதற்குப் பிறகுதான் எங்களில் ஒருவர் மிகச் சாதாரணமான ஒரு கேள்வியைக் கேட்டார்: "அந்த மடிக்கணினிக்கு என்ன கோளாறுன்னு யாராவது பார்த்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. அந்த வீட்டில் பார்க்கத் தெரிந்தவர் இல்லை. நாங்களும் அதுவரை வந்த எந்த விண்ணப்பத்திலும் அப்படிக் கேட்டதில்லை. இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சுளகும் இலைக் கட்டும்

மறுநாள் கணினியைக் கொண்டு வரச் சொன்னோம். எங்களில் ஒருவர் மொபைல் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார். இன்னொருவர் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் 'தொழில்நுட்பக் குழு' அவ்வளவுதான்.

விண்டோஸ் உள்ள கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற பகுதிக்குள் 'மெமரி' என்று இருக்கும். அங்கே மொத்தம் 4 ஜிபி என்று காட்டியது. வகுப்புக்கான இரண்டு பக்கங்களும் ப்ராஜெக்ட் கோப்பும் மட்டுமே திறந்திருந்தன. அதற்கே மெமரியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நிரம்பியிருந்தது. பக்கத்தில் 'டிஸ்க்' 100 சதவீதத்தில் நின்றது.

இதற்கு என்ன அர்த்தம் என்று அந்த உம்மா கேட்டார். அவருக்குச் சொன்ன விளக்கத்தையே உங்களுக்கும் சொல்கிறோம்.

பீடி சுற்றும்போது மடியில் சுளகு இருக்கும். வெட்டிய இலை, தூள், நூல் எல்லாம் அதில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மீதி இலைக் கட்டு உள்ளறையில் இருக்கும். சுளகு பெரிதாக இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே வேலை ஓடும். சுளகு உள்ளங்கை அகலம்தான் என்றால் பத்து பீடிக்கு ஒரு தடவை எழுந்து உள்ளே போய் வர வேண்டும். கை வேகம் குறையவில்லை. எழுந்து போய் வருவதில்தான் பொழுது போகிறது.

கணினியில் அந்தச் சுளகுதான் மெமரி. உள்ளறைதான் ஹார்ட் டிஸ்க். மெமரி நிரம்பிவிட்டால் கணினி கொஞ்சத்தை எடுத்து ஹார்ட் டிஸ்கில் வைக்கிறது, தேவைப்படும்போது திரும்ப எடுத்து வருகிறது. மெமரியில் ஒரு தகவலைத் தொட ஏறத்தாழ 100 நானோ செகண்ட் போதும். உள்ளே தட்டு சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்கில் அதற்கு 10 மில்லி செகண்ட் அளவு ஆகும். ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். பிள்ளைகள் 'ஹேங் ஆகுது' என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தப் போக்குவரத்துதான்.

அந்த உம்மா சிரித்துவிட்டு, "அப்போ சுளகத்தான மாத்தணும், எதுக்கு வீட்டையே மாத்தணும்?" என்று கேட்டார். முப்பதாயிரம் ரூபாய்க் கேள்விக்கு அதுதான் பதில்.

டாஸ்க் மேனேஜரின் அதே பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது: இரண்டு இடங்களில் ஒன்றுதான் பயன்பாட்டில் இருக்கிறது என்று. அதாவது இன்னொரு மெமரி துண்டு வைக்க ஓர் இடம் காலியாக இருந்தது. இன்னொரு 4 ஜிபி வைத்தால் 8 ஜிபி ஆகிவிடும். புதிய கணினியின் விலையில் இருபதில் ஒரு பங்குதான் செலவு.

எங்கள் முதல் தவறு

கடைக்குப் போனோம். "லேப்டாப்புக்கு டிடிஆர் 3, 4 ஜிபி" என்று கேட்டோம். கொடுத்தார்கள். வாங்கி வந்தோம். கடைக்காரர் மேல் குறை இல்லை, கேட்டதைத்தான் கொடுத்தார்.

மஃரிபுக்குப் பிறகு உட்கார்ந்தோம். உம்மாவும் மகளும் எதிரே இருந்தார்கள். அணைத்தோம், சார்ஜரை எடுத்தோம், பேட்டரியைக் கழற்றினோம், பின்மூடியின் ஆணிகளைத் திருகி எடுத்தோம். உள்ளே இருந்த மெமரியையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெளியே எடுத்தோம். இரண்டும் ஒரே நீளம், வெட்டுப்பள்ளமும் ஒரே இடத்தில். சரியாகத்தான் இருக்கிறது என்று இரண்டையும் பொருத்தினோம். மூடினோம். பொத்தானை அழுத்தினோம்.

விளக்கு எரிந்தது. விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. திரை மட்டும் கறுப்பு.

ஒரு நிமிடம் பார்த்தோம், இரண்டு நிமிடம் பார்த்தோம். கறுப்புதான். அப்போது அந்தப் பிள்ளை மெதுவாகக் கேட்டாள்: "சாச்சா, என் ப்ராஜெக்ட் எல்லாம் அதுக்குள்ளதான இருக்கு?"

எங்கள் கை நின்றுவிட்டது. திறப்பதற்கு முன் அதை ஒரு பென்டிரைவில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. உதவி செய்கிறோம் என்ற எண்ணத்தில் அவசரப்பட்டோம். மெமரியைக் கழற்றி மாட்டுவதால் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் கோப்புகள் அழியாது என்று இன்று உறுதியாகச் சொல்வோம். அன்று அந்த நேரத்தில் அப்படிச் சொல்ல எங்களுக்கே தைரியம் இல்லை.

புதிய துண்டை வெளியே எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் வைத்து மீண்டும் போட்டோம். அப்போதும் கறுப்பு. அந்த உம்மாவின் முகத்தைப் பார்க்க எங்களால் முடியவில்லை. இருந்ததையும் கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தோம்.

மூன்றாவது முறை திறந்தபோது ரீசார்ஜ் கடைக்காரர் மொபைல் விளக்கை அடித்துக் குனிந்து பார்த்தார். பழைய துண்டின் தங்க நிற விளிம்பு ஒரு பக்கம் அதிகமாக வெளியே தெரிந்தது. நாங்கள் அதை முழுவதும் உள்ளே தள்ளாமல் அப்படியே கீழே அழுத்தியிருக்கிறோம். வெளியே எடுத்து, சாய்த்து, உறுதியாக உள்ளே தள்ளி, பிறகு அழுத்தினோம். 'டக்' என்று இரண்டு பக்கக் கொக்கிகளும் பிடித்துக்கொண்டன. அந்தச் சத்தம் முன்பு கேட்கவில்லை என்பதே அப்போதுதான் உறைத்தது.

பொத்தானை அழுத்தினோம். திரை வந்தது. இஷாவுக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை முதல் வேலையாகப் ப்ராஜெக்ட்டைப் பென்டிரைவில் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்தோம்.

ஓர் எழுத்து

மறுநாள் இரண்டு துண்டுகளையும் பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். கடையில் இருந்த தம்பி இரண்டு லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பழசுல பிசி3எல்-னு இருக்கு. நீங்க வாங்கினதுல எல் இல்ல" என்றார்.

மக்தபில் ஓதும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஒரு புள்ளி மாறினால் எழுத்தே மாறிவிடும் என்று. இங்கும் அப்படித்தான். சாதாரண டிடிஆர் 3 துண்டு 1.5 வோல்ட்டில் வேலை செய்வது. 'எல்' சேர்ந்த டிடிஆர் 3 எல் துண்டு 1.35 வோல்ட்டிலேயே வேலை செய்யும். இரண்டுக்கும் நீளமும் வெட்டுப்பள்ளமும் ஒன்றுதான். அதனால் மாற்றி வாங்கினாலும் உள்ளே போய்விடும். ஆனால் 1.35 வோல்ட் மட்டும் கொடுக்கும் கணினியில் சாதாரணத் துண்டை வைத்தால் கணினி எழும்பாது. 2014 வாக்கில் வந்த பல மடிக்கணினிகள் அந்த வகை.

லேபிள் கிழியாமலும் பில் கையிலும் இருந்ததால் மாற்றிக் கொடுத்தார். அன்று மாலை மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை திரை வந்தது. டாஸ்க் மேனேஜரில் 8 ஜிபி என்று காட்டியது. அதே பக்கங்களைத் திறந்து வைத்தபோது மெமரியில் பாதிதான் நிரம்பியது. ப்ராஜெக்ட் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. அந்த உம்மாவின் கம்மல் அவர் காதிலேயே இருக்கிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் கணினி ஆன் ஆக எடுக்கும் நேரம் பெரிதாகக் குறையவில்லை. அதற்குக் காரணம் பழைய ஹார்ட் டிஸ்க். அதை எஸ்எஸ்டி ஆக மாற்றினால் அதுவும் சரியாகும். மெமரி எல்லா நோய்க்கும் மருந்து அல்ல.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

இதற்குப் பிறகு நாங்கள் விசாரித்தும் படித்தும் வேறு கணினிகளைத் திறந்து பார்த்தும் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறோம். பிள்ளைகள் குறித்துக்கொள்ளவும்.

முதலாவது, உண்மையிலேயே மெமரிதான் குறையா என்று பாருங்கள். வழக்கமாகச் செய்யும் வேலையைத் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மெமரி முக்கால் பங்குக்கும் கீழே இருந்து, டிஸ்க் மட்டும் 100-இல் நின்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம். சூடாகி அணைந்துபோனால் தூசியையும் விசிறியையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, காலி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய புதிய மடிக்கணினிகள் பலவற்றில் மெமரியைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். சிலவற்றில் கூட்டவே முடியாது. உங்கள் மாடல் எண்ணைத் தயாரித்த நிறுவனத்தின் கையேட்டில் பாருங்கள். அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏற்கும் என்பதும் அதில் இருக்கும்.

மூன்றாவது, வகை. மடிக்கணினிக்கு 'சோடிம்' என்ற சிறிய துண்டுதான் சேரும். மேசைக் கணினிக்கு வரும் துண்டு அதைப் போல இரு மடங்கு நீளம். மடிக்கணினித் துண்டுகளில் டிடிஆர் 3-க்கு 204 தொடுமுனைகள், டிடிஆர் 4-க்கு 260, டிடிஆர் 5-க்கு 262. வெட்டுப்பள்ளம் வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள். தப்பான துண்டு என்று அர்த்தம். டிடிஆர் 3-லும் டிடிஆர் 3 எல்-லும் மட்டும்தான் எங்களைப் போல ஏமாறுவதற்கு வழி இருக்கிறது. பழைய துண்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு போவதோ, அதன் லேபிளைத் தெளிவாகப் படம் எடுத்துப் போவதோ நல்லது.

நான்காவது, கணினியில் இருப்பது 32 பிட் விண்டோஸா, 64 பிட் விண்டோஸா என்று பாருங்கள். 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் வைத்தும் பயன் இல்லை. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'சிஸ்டம்', அதில் 'அபௌட்' என்ற இடத்தில் இது தெரியும்.

ஐந்தாவது, வாரண்டி இருக்கும் கணினியை நீங்களாகத் திறக்காதீர்கள். முதலில் நிறுவனத்தின் சேவை மையத்தில் கேளுங்கள். மெமரி விலை ஏறி இறங்கக் கூடியது. இரண்டு கடையிலாவது அன்றைய விலையைக் கேளுங்கள். பில்லை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

பொருத்தும்போது

முதல் வேலை, முக்கியமான கோப்புகளை வேறு இடத்தில் எடுத்து வைப்பது. எங்கள் கதையைக் கேட்ட பிறகு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, முழுவதுமாக அணைப்பது. மூடியைச் சாத்தினால் கணினி தூங்கும், அணையாது. விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே 'ஷட் டவுன்' கொடுங்கள். பிறகு சார்ஜரை எடுங்கள். வெளியே கழற்றும் பேட்டரி என்றால் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி என்றால் மூடியைத் திறந்ததும் அதன் இணைப்பை மெதுவாக எடுங்கள். அதன் பிறகு பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தினால் மிச்சம் இருக்கும் மின்சாரம் வடிந்துவிடும்.

மூன்றாவது, இடம். ஜமக்காளத்திலோ கம்பளத்திலோ உட்கார்ந்து செய்யாதீர்கள். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் நமக்குத் தெரியாது, ஆனால் அந்தச் சிப்புகளைக் கெடுத்துவிடக் கூடும். மர மேசையில் வையுங்கள். தொடுவதற்கு முன் சன்னல் கம்பி போன்ற ஓர் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். துண்டை விளிம்பில் பிடியுங்கள். தங்க நிறப் பகுதியைத் தொடாதீர்கள்.

நான்காவது, ஆணிகள். எல்லாம் ஒரே அளவு இல்லை. ஒரு தாளில் மூடியின் வடிவத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஆணியை வையுங்கள். குட்டை ஆணி இருந்த இடத்தில் நீள ஆணியைத் திருகினால் உள்ளே குத்திவிடும். மூடி வரவில்லை என்றால் கத்தியை விட்டு நெம்பாதீர்கள். ஏதோ ஓர் ஆணி பாக்கி இருக்கும், சில நேரம் ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

ஐந்தாவது, பொருத்துவது. வெட்டுப்பள்ளத்தை நேராக வைத்து, துண்டை ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் உள்ளே தள்ளுங்கள். தங்க விளிம்பு கிட்டத்தட்ட மறைய வேண்டும், இரண்டு ஓரமும் சமமாக இருக்க வேண்டும். அதன் பிறகே கீழே அழுத்துங்கள். இரண்டு கொக்கிகளும் 'டக்' என்று பிடிக்க வேண்டும். கழற்றும்போது இரண்டு கொக்கிகளையும் ஒரே நேரத்தில் வெளிப்பக்கம் விலக்கினால் துண்டு தானாக எழும்பும்.

ஆறாவது, ஆன் செய்வது. எடுத்து வைத்த பேட்டரியை மறுபடி இணைத்த பிறகு பொத்தானை அழுத்துங்கள். முதல் தடவை திரை வரச் சற்றுத் தாமதமாகலாம். புதிய மெமரியைக் கணினி சோதித்துப் பழகிக்கொள்கிறது. ஓரிரு நிமிடம் பொறுங்கள். வரவில்லை என்றால் அணைத்து, பேட்டரியை எடுத்து, துண்டை மறுபடி பொருத்துங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். அப்படியும் வராவிட்டால் பழைய துண்டை மட்டும் வைத்துப் பாருங்கள். வந்த பிறகு, விண்டோஸிலேயே இருக்கும் 'மெமரி டயக்னாஸ்டிக்' சோதனையை ஒரு தடவை ஓட விடுங்கள்.

குடும்பங்கள் கேட்கும் ஒரு கேள்வி

தாய்மார்கள் பலர் எங்களிடம் தனியாகக் கேட்டது இது: "கடையில கொடுத்தா வீட்டுப் பொம்பளப் புள்ளைங்க போட்டோவெல்லாம் பார்த்துருவாங்களோ?"

நியாயமான கவலை. மெமரி துண்டில் படமோ கோப்போ தங்காது. அதில் ஒவ்வொரு தகவலும் மிகச் சிறிய மின்னேற்றமாக நிற்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரு செகண்டுக்குள்ளேயே பல தடவை அதைப் புதுப்பிக்க வேண்டும். இந்த அமைப்புக்கு ராபர்ட் டென்னார்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1968-இல் காப்புரிமை பெற்றார். இன்றும் அதே முறைதான். மின்சாரம் நின்ற சிறிது நேரத்தில் எல்லாம் போய்விடும். ஆகவே பழைய மெமரி துண்டை யாருக்குக் கொடுத்தாலும் பயம் இல்லை. படங்கள் இருப்பது ஹார்ட் டிஸ்கில். அதைக் கொடுக்கும்போதுதான் கவனம் வேண்டும்.

இன்னொன்று: மெமரி பொருத்தக் கடைக்காரருக்கு உங்கள் பாஸ்வேர்டு தேவையில்லை. திரை வந்து பாஸ்வேர்டு கேட்கும் வரை வந்தாலே வேலை முடிந்தது. மிச்சத்தை நீங்களே திறந்து பார்த்துக்கொள்ளலாம். வேலை நடக்கும்போது கூடவே நில்லுங்கள்.

நாங்கள் எடுத்த முடிவு

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்களை ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. முந்தைய வருடங்களில் சிலருக்குப் புதிய மடிக்கணினி கொடுத்தோம். பணம் தீர்ந்துவிட்டது என்று சிலரைத் திருப்பி அனுப்பினோம். கொடுத்த வீடுகளில் சிலவற்றில் பழைய கணினி ஒன்று சும்மா கிடந்திருக்கலாம். நாங்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தால், திருப்பி அனுப்பிய பிள்ளைக்கும் வழி பிறந்திருக்கலாம். மக்கள் நம்பிக் கொடுத்த பணம் அமானிதம். வீண்விரயம் கூடாது என்று மேடையில் பேசுகிற நாங்கள், மூடியைத் திறந்து பார்க்காமலே செலவு செய்திருக்கிறோம்.

எனவே இனி மடிக்கணினி கேட்டு வரும் விண்ணப்பத்தில் முதல் கேள்வி, வீட்டில் பழையது இருக்கிறதா என்பதுதான். இருந்தால் முதலில் அதைப் பார்ப்போம். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் நம் பிள்ளைகள் பலருக்குக் கணினி வந்தது. அவர்களில் பலர் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். கணினி மட்டும் அலமாரியில் துணியோடு துணியாகக் கிடக்கிறது. அதைக் கொண்டு வாருங்கள். மெமரி கூட்ட முடிந்தால் கூட்டுவோம். வேறு பிள்ளைக்குக் கொடுக்க மனம் இருந்தால், டிஸ்கை உங்கள் கண் முன்னே அழித்துவிட்டு வாங்கிக்கொள்வோம்.

எல்லாக் கணினியும் தேறாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். மிகப் பழையவற்றுக்குச் செலவு செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல. விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்காது. அவற்றில் லினக்ஸ் போட்டுக் கொடுக்கலாம். எழுதவும் படிக்கவும் வகுப்பு பார்க்கவும் அது போதும். எதற்கும் தேறாத கணினிக்குப் பதில் புதியது வாங்க உதவி கேட்டால், அப்போது தயங்காமல் கொடுப்போம். மற்ற இடத்தில் மிச்சம் பிடித்த பணம் அதற்காகத்தான்.

ஒவ்வொரு ஞாயிறும் அஸருக்குப் பின் இந்தக் கட்டடத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். ஆண் பிள்ளைகளுக்கு ரீசார்ஜ் கடைக்காரர் சொல்லித் தருகிறார். பெண்களுக்கு மாடியில் தனி மேசை. அங்கே சொல்லித் தருவது யார் என்று கேட்கிறீர்களா? அன்று "என் ப்ராஜெக்ட் அதுக்குள்ளதான இருக்கு" என்று கேட்ட அதே பிள்ளைதான். கணினியோடு யார் வந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "பென்டிரைவ்ல எடுத்து வச்சிட்டீங்களா?" எடுக்கவில்லை என்றால் ஓர் ஆணியைக்கூடத் தொடமாட்டாள். எங்களிடமிருந்து அவள் கற்றுக்கொண்டது எங்கள் தவறைத்தான். அதுவும் ஒரு பாடம்தானே.

எங்களுக்குப் பெரிய திறமை எதுவும் இல்லை. திறக்க முடியாது என்ற பயம்தான் இருந்தது, அது போய்விட்டது. உங்கள் வீட்டு அலமாரியைப் போய்ப் பாருங்கள். அடுத்த ஞாயிறு, இன்ஷா அல்லாஹ், சந்திப்போம்.

வஸ்ஸலாம்.